ஆச்சியின் சந்தேகமும் ஓ வகை ரத்தமும்

கேள்வி: என் அப்பாவுக்கு ஏ வகை ரத்தம், அம்மாவுக்கு பி வகை. பள்ளி முகாமில் எனக்கு ஓ என்று எழுதிக் கொடுத்தார்கள். 'அப்பன் ரத்தமும் இல்லை, அம்மை ரத்தமும் இல்லையே' என்று அப்பாவைப் பெற்ற ஆச்சி தினமும் கேட்கிறார்கள். இப்படி வருமா?
- பதினோராம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக வரும். ஏ, பி என்று நாம் குறிப்பது சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளை. அவற்றை ஒட்டவைக்கும் நொதிக்கான மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏ, பி, ஓ என்னும் மூன்று வடிவங்களை உடைய அந்த மரபணுவில், தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் தாயிடமிருந்து ஒரு பிரதியுமாக ஒவ்வொருவரும் இரண்டைப் பெறுகிறோம். ஓ வடிவம் எதையும் ஒட்டவைப்பதில்லை என்பதால், ஏ-யோடு சேர்ந்திருக்கும்போது சோதனையில் ஏ மட்டுமே தெரியும். ஓ ஒடுங்கிக் கிடக்கும். உங்கள் அப்பாவிடம் ஏ-ஓ இணையும் அம்மாவிடம் பி-ஓ இணையும் இருக்கின்றன.

ஒரு நாணயத்தின் இரு பக்கங்களிலும் ஏ, ஓ என்றும், இன்னொன்றில் பி, ஓ என்றும் காகிதம் ஒட்டி, ஆச்சியிடமே கொடுத்துச் சுண்டச் சொல்லுங்கள். ஏ-பி, ஏ-ஓ, பி-ஓ, ஓ-ஓ என நான்கு விதமாகத்தான் விழும். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஆகவே, தம்பியோ தங்கையோ பிறந்தாலும் ஓ வருவதற்கு அதே நான்கில் ஒரு வாய்ப்புதான். அப்பாவிடம் ஒளிந்திருந்த ஓ ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை, ஆச்சியோ தாத்தாவோ கொடுத்ததுதான். ஆச்சியின் ரத்த வகையைச் சோதித்துப் பாருங்கள். அது ஓ என்றால், கொடுத்தவர்கள் அவர்களேதான்!

கேள்வி: அப்பாவுக்கு ஏபி என்றால் பிள்ளைக்கு ஓ வருமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பொதுவாக வராது; ஏபி உடையவரிடம் கொடுப்பதற்கு ஓ பிரதியே இல்லை. அட்டையில் அப்படி இருந்தால், முதலில் இருவருக்கும் மறுபடி சோதியுங்கள். மிக அரிதாக, 1952-இல் அறியப்பட்ட பம்பாய் ரத்த வகை காரணமாக இருக்கலாம். ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கு அடித்தளமான எச் பொருளே இவர்களுக்கு இல்லாததால், ஏ அல்லது பி மரபணு இருந்தும் வழக்கமான சோதனை ஓ என்றே காட்டும். இதற்கான ஒடுங்கு பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஆகவே, மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தமும் சேராது, பம்பாய் வகையையே ஏற்ற வேண்டும் என்பதால், சந்தேகம் நீடித்தால் எச் பொருளுக்கான சோதனையையும் செய்துவிடுங்கள்.