ஸ்பைக் கண்டறியும் அல்கோரிதத்துக்கு 98.8 வீதம் அக்யூரசி: நம்பலாமா?

கேள்வி: யாழ். கம்பஸில் இறுதி வருட ப்ரொஜெக்ட். கல்சியம் இமேஜிங் தரவிலிருந்து நியூரோன்களின் ஸ்பைக்குகளை, அதாவது அவை விடும் குறுகிய மின் துடிப்புகளைக் கண்டுபிடிக்க ஓர் அல்கோரிதம் எழுதினேன். அக்யூரசி 98.8 வீதம். போதுமா? இங்கே நுண்ணோக்கி வசதி இல்லாமல் இதை ஒழுங்காகச் சோதிக்க முடியுமா?

பதில்:

கேட்டவர் தம்பியோ தங்கச்சியோ தெரியாது. ஆனால் அந்த 98.8ஐக் கண்டதும் கல்குலேட்டரைத்தான் எடுத்தேன். 10 நிமிடப் பதிவு, செக்கனுக்கு 25 நேரத் துண்டு என்றால் மொத்தம் 15,000 துண்டுகள். மூளைப் புறணியில் சோம்பலான கலங்கள் நிறைய. செக்கனுக்கு 0.3 ஸ்பைக் என்று வைத்தால் 180 ஸ்பைக். ஒன்றையும் கண்டுபிடிக்காமல் எல்லாத் துண்டுக்கும் பூச்சியம் போட்டாலே 14,820 சரி. அதுதான் உங்கள் 98.8. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதம் முழுக்க "இண்டைக்கு மழை இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பவரும் அநேகமாகச் சரியாகத்தான் சொல்வார்.

ஆகவே அக்யூரசியை விடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, எதோடு ஒப்பிட்டீர்கள் என்பது. படத்தில் தெரிவது ஸ்பைக் அல்ல, கல்சியம் ஏறும்போது கூடும் ஒளிர்வு. ஸ்பைக் ஏறத்தாழ 1 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். கல்சியம் ஏறினால் ஒளிரும் ஜிகாம்ப்6எஸ் போன்ற புரதத்தின் ஒளிர்வு பாதியாகக் குறையவே அரைச் செக்கன் அளவு போகும். எனவே கண்ணால் படத்தைப் பார்த்துக் குறித்தது விடைத்தாள் ஆகாது. அதே கலத்தைப் படம் பிடிக்கும்போதே கண்ணாடிப் பிப்பெற் ஒன்றை அதில் ஒட்டவைத்து மின் பதிவும் எடுக்க வேண்டும். கலம் கலமாகச் செய்யும் பொறுமையான வேலை. இப்படிப்பட்ட தரவு உலகத்திலேயே குறைவாக இருப்பது அதனால்தான்.

அளவுகோலுக்கு வருவோம். இப்படிப்பட்ட அல்கோரிதங்களுக்காக 2017இல் நடந்த ஸ்பைக்ஃபைண்டர் போட்டியில் 40 மில்லிசெக்கன் துண்டுகளில் உண்மை ஸ்பைக் எண்ணிக்கைக்கும் கணிப்புக்கும் இடையிலான இணைபுக் குணகத்தையே, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதையே பிரதான அளவாக எடுத்தார்கள். சோதனைத் தரவின் ஸ்பைக்குகளைப் போட்டியாளர்களுக்குக் காட்டவில்லை. முன்னணிக்கு வந்தவற்றில் ஆழ் நரம்பு வலையமைப்புகளும் இருந்தன, கல்சியம் எப்படி ஏறி இறங்கும் என்ற மாதிரியிலிருந்து கட்டியவையும் இருந்தன. அடிப்படை வேறாக இருந்தும் அவற்றின் கணிப்புகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போயின. ஆகவே எந்த வலையமைப்பு என்று மண்டையை உடைப்பதை விட, சோதனையைச் சரியாக அமைப்பதில் நேரத்தைப் போடுங்கள்.

இணைபுக் குணகத்திலும் ஓட்டை உண்டு. உங்கள் கணிப்பு முழுவதையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள், குணகம் அசையாது. 180 ஸ்பைக் இருந்த இடத்தில் 360 என்று சொன்னாலும் அதே மதிப்பெண். எண்ணிக்கை முக்கியமென்றால் மொத்தப் பிழையைத் தனியாகக் காட்ட வேண்டும். துண்டை 40இலிருந்து 200 மில்லிசெக்கன் ஆக்கினால் பெரும்பாலும் குணகம் தானாக ஏறும். துண்டின் அளவைச் சொல்லாமல் இரண்டு கட்டுரைகளின் இலக்கங்களை ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தனித்தனி ஸ்பைக்கைப் பொருத்திப் பார்ப்பதென்றால் தவறவிட்டவை, இல்லாததை இருக்கென்றவை இரண்டையும் கொடுங்கள், எத்தனை மில்லிசெக்கன் விலகலை அனுமதித்தீர்கள் என்பதோடு. அடுத்தடுத்து நாலு ஸ்பைக் வந்து ஒரே மேடாகத் தெரிந்தால் அதை ஒன்றாக எண்ணுவதா நாலாக எண்ணுவதா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு தீர்மானிப்பது கள்ளம்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைக் கலம் வாரியாகப் பிரியுங்கள். ஒரே கலத்தின் முதல் பாதியில் பழக்கி மறுபாதியில் சோதித்தால் மதிப்பெண் அழகாக வரும். புதிய கலத்தில் படுத்துவிடும். முடிந்தால் வேறு ஆய்வுகூடத்தின் தரவு ஒன்றை முழுதாக ஒதுக்கி வையுங்கள். பதிவின் இரைச்சல் (ஸ்பைக்கோடு சம்பந்தமில்லாத ஏற்ற இறக்கம்) அளவு மாறினாலே பல அல்கோரிதங்கள் தடுமாறும். 2021இல் வந்த காஸ்கேட் என்ற ஸ்பைக் கணிக்கும் அல்கோரிதத்தை, சோதிக்கப்போகும் பதிவின் இரைச்சலுக்கு ஏற்ற தரவில் பழக்கியது அதனால்தான்.

நுண்ணோக்கிக்குக் கவலை வேண்டாம். ஸ்பைக்ஃபைண்டர், காஸ்கேட் இரண்டின் தரவும் திறந்தே கிடக்கிறது. மடிக்கணினி திணறினால் கூகிள் கொலாப்பில் ஓட்டலாம்; கரண்ட் போனால் இடையில் அறுந்துவிடும், ஆகவே ஒவ்வொரு கலத்தின் முடிவையும் அப்போதைக்கப்போதே சேமியுங்கள். அறிக்கையில் சராசரி ஒன்றை மட்டும் போடாமல் கலத்துக்கு ஒரு புள்ளியாக வரைந்து காட்டுங்கள், எல்லாவற்றுக்கும் பூச்சியம் போடும் அந்தச் சோம்பேறி அல்கோரிதத்தின் அக்யூரசியையும் தவறவிட்ட ஸ்பைக்குகளையும் பக்கத்தில் போட்டு.