இரண்டரை அடி உப்புநீர்த் தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

"கடையில் அழகாகத் தெரிகிற மீன்களில் ஏழெட்டை வாங்கி ஒன்றாக விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஏழெட்டைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அனேகமாக நீங்களும் கப்பி, கோல்ட் ஃபிஷ் எல்லாம் வளர்த்து, அவை நன்றாக வந்த துணிவில்தான் இதற்குள் இறங்குகிறீர்கள். நானும் அப்படித்தான். அந்தக் கணக்கு உப்புத் தண்ணீரில் சரிவராது.

எனக்கு மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். தொட்டி உங்களுடைய அளவுதான், நூறு லீட்டர் பிடிக்கும். ஒருமுறை பாசிக்குடாவில் கண்ணாடி போட்டு நீந்தியபோது ஓர் அனிமோனுக்குள், அதுதான் பூப்போல விரிந்து பாறையில் ஒட்டியிருக்கும் கடலுயிர், கோமாளி மீன்களைக் கண்டேன். அவற்றோடு கறுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மீன்களும் நின்றன. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகோரம் இரு பக்கமும் ஒவ்வொன்று. டொமினோ டாம்செல் என்பார்கள். கடலிலேயே ஒரு வீட்டில் குடியிருக்கின்றனவே, என் தொட்டியில் இருக்க மாட்டாவா என்று நினைத்தேன். கடைக்காரரும், "அண்ணன், இது லேசில சாகாது, முதல்ல இதை விடுங்க" என்றார். அதில் பொய் இல்லை. அது இன்றுவரை சாகவில்லை.

பொட்டன் என்று மகன் பெயர் வைத்தான். இரண்டு மாதம் தொட்டி முழுக்க அவனுடைய இராச்சியம். அப்புறம் கோமாளி மீன் இரண்டு வாங்கி விட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்னதன் வால் ஓலை கிழித்த ஈர்க்கு மாதிரி நார்நாராகக் கிடந்தது. சாப்பாடு போட்டால் அவை ஓரடி முன்னால் வரும், பொட்டன் பாறைக்குள்ளிருந்து ஒரே பாய்ச்சல் பாய்வான், அவை திரும்ப மூலைக்கு ஓடும். ஐந்தாம் நாள் காலையில் சின்னது அடியில் கிடந்தது.

அன்றிரவே அவனைப் பிடிக்க வெளிக்கிட்டேன். வலையைக் கண்டாலே பாறை இடுக்குக்குள் போய்விடுகிறான். பாறை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தண்ணீர் கலங்கி, பதினொரு மணிக்கு வேறு வழியில்லாமல் குசினியில் இருந்த அரிதட்டால் ஒரு மூலையில் மடக்கித்தான் பிடித்தேன். விடியப் புட்டுக்கு மா அரிக்க எடுத்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "மனே, இந்த மீன் கறிக்கும் காணாது, இதுக்கு என்ர அரிதட்டா?" என்றா. புது அரிதட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கதை இன்னும் ஓயவில்லை.

பிழை மீனில் இல்லை. குஞ்சாக இருக்கும்போதுதான் டொமினோ அனிமோனோடு ஒட்டியிருக்கும், வளர வளர விலகிப் போகும். கடலில் அடி வாங்கியது ஓடித் தப்ப இடம் இருக்கிறது, இரண்டரை அடியில் எங்கே ஓடுவது? அதோடு, முதலில் வந்தவன் முழு இடத்தையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வான். ஆகவே சாதுவானதை முதலில் விடுங்கள், சண்டைக்காரனைக் கடைசியில்.

உங்கள் தொட்டிக்கு நான்கு மீன் போதும். முதலில் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, நம்முடைய உளுவை இனம்தான், அடியில் தன்பாட்டில் இருக்கும். பிறகு ஒரு ஃபயர் ஃபிஷ். மிரண்டால் வெளியே பாய்ந்துவிடும், மூடி கட்டாயம். கடைசியில் பண்ணையில் பிறந்த ஒசெலாரிஸ் கோமாளி இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியது பெண்ணாக மாறும், மற்றது ஆணாக நிற்கும். மூன்றாவது வேண்டவே வேண்டாம், இந்தச் சோடி அதை அடித்தே கொன்றுவிடும். அனிமோன் இல்லாமலும் கோமாளி நன்றாக வாழும்.

பவுடர் புளூ சர்ஜன் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதற்கு ஆறடித் தொட்டி வேண்டும். லயன் ஃபிஷ் வாய்க்குள் அடங்குகிற எல்லாவற்றையும் விழுங்கும், முள்ளிலும் விஷம்.

மீன் வாங்குமுன் தொட்டியை நான்கு முதல் ஆறு கிழமை வெறுமனே ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக வந்ததா என்று பாருங்கள். கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு லீட்டருக்கு 35 கிராம், நூறு லீட்டருக்கு மூன்றரைக் கிலோ. உப்பின் அளவு பார்க்கிற ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர் விடுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல.

"கடல் கூப்பிடு தூரத்தில், காசு கொடுத்து உப்பு வாங்குறியா?" என்று கேட்காத ஆளில்லை. மாரியில் வாவி வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணலை வெட்டினால் கரையோரத் தண்ணீர் எல்லாம் மாறிவிடும். வாவித் தண்ணீரைப் பற்றிப் பேச்சே வேண்டாம், மழைக்கு ஓர் உப்பு, கோடைக்கு ஓர் உப்பு. போதாததற்கு, நிலாக் காலத்தில் பாடும் மீன் கேட்கிறோம் என்று பாலத்தடிக்கு வருகிறவர்கள் குடித்த போத்தலை வாவிக்குள்ளேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள். மட்டக்களப்பு என்றதும் "மீன் பாடுமாமே" என்று கேட்கத் தெரிகிறது, போத்தலைக் கையோடு கொண்டுபோகத் தெரியவில்லை. சரி, அது வேறு கதை.

நூறு லீட்டரில் பத்து மீன் வளர்க்கிறேன் என்று யாராவது கீழே படம் போடுவார்கள். படம் எடுத்த அன்று பத்து இருந்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அப்போது பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு நான் பிழைத்தது உள்ளே மூன்றே மீன் இருந்ததால்தான்.

பொட்டனைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. தனியாக ஒரு தொட்டியில் இருக்கிறான். கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் பாய்கிறான்.