வெள்ளிக்கிழமை டாக்கோ: பூரணம் ஏன் நீர்த்துப்போகிறது?

செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். வேலை முடிந்து வீடு வர ஏழு மணி ஆகிவிடும். பிள்ளைகள் மெக்சிகோ டாக்கோ (பூரணம் வைத்து மடித்த ரொட்டி) கேட்கிறார்கள். டின் ராஜ்மாவில் செய்தால் பூரணம் நீர்த்துவிடுகிறது, ரொட்டி கிழிந்து எல்லாம் தட்டில் கொட்டுகிறது. மாமியார் அன்று வெங்காயம், பூண்டு தொடமாட்டார். அரை மணி நேரத்தில் முடிக்க வழி உண்டா?"

அரை மணி தாராளம். முதலில் டின்னைத் திருப்பிப் பாருங்கள். தக்காளி சாஸில் கிடக்கும் பேக்ட் பீன்ஸ் என்றால் அது காலை ரொட்டிக்கு இருக்கட்டும். அந்த இனிப்பு டாக்கோவுக்கு ஒத்துவராது. உப்புத் தண்ணீரில் போட்ட ராஜ்மாதான் வேண்டும். 400 கிராம் டின்னை வடித்தால் சுமார் 240 கிராம் தேறும், சின்ன டாக்கோ எட்டுக்குப் போதும். அந்தக் கொழகொழத் தண்ணீரைக் கொட்டி, அலசி, வடிதட்டில் அப்படியே விடுங்கள்.

வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை பெருங்காயம். பொரிந்ததும், விதை நீக்கி நறுக்கிய தக்காளி ஒன்று, மிளகாய்த்தூள், உப்பு. தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்த பிறகே ராஜ்மாவைப் போடுங்கள். அப்புறம் கரண்டியின் முதுகால் பாதியை மட்டும் நசுக்குங்கள். நசுங்கியதில் வெளிவரும் மாவுச்சத்துதான் மீதியைப் பிடித்து வைக்கும். வாணலியின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தடம் மூடாமல் நின்றால் இறக்கலாம். மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். உங்கள் வீட்டுப் பூரணம் இந்த இடத்துக்கு வரும் முன்பே இறங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கறி மசாலாத் தூளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். மல்லியும் சோம்பும் சேர்ந்தால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளும் ராஜ்மா கறிதான் வரும். மெக்சிகோக்காரர்கள் ஓரிகானோ என்ற வாசனை இலை போடுவார்கள். சளிக்கு என்று தொட்டியில் கற்பூரவள்ளி வைத்திருப்பீர்களே, அதில் இரண்டு இலையைப் பொடியாக நறுக்கி இறக்கும்போது போடுங்கள். அந்த வாசனைக்கு நன்றாகவே பக்கத்தில் வரும். அதிகம் போட்டால் கஷாயம்தான்!

இனி ரொட்டி. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து, மெல்லியதாகத் தட்டிச் சுடுவார்கள். கோலாலம்பூர் சூப்பர்மார்க்கெட்டுகளில் சுலபமாகக் கிடைப்பது கோதுமை ராப் (wrap) ரொட்டிதான்; வீட்டுச் சப்பாத்தியைச் சின்னதாக இட்டாலும் சரிதான். எதுவானாலும் ஆறிய ரொட்டியை மடித்தால் கிழியும். காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் சூடு காட்டி, உடனே துணியில் சுற்றி வையுங்கள். உள்ளே தங்கும் ஆவியில் மெதுமெதுவென்று இருக்கும். மொறுமொறு ஓடு போல விற்பது அமெரிக்கப் பாணி. நம்மூர் ஈரக்காற்றில் பெட்டியைத் திறந்தால் சீக்கிரம் நமத்துப்போகும்.

பூரணத்தை முதலில் வைத்து, மேலே மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், மல்லித்தழை போடுங்கள். லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையை மேசையில் வைத்துவிடுங்கள், அவரவர் கடிக்கும் முன் பிழிந்துகொள்ளட்டும். புளிப்புக் கிரீம் வாங்க வேண்டாம். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் போதும். சீஸ் வாங்கினால் உறையைப் படியுங்கள். சில சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும், ஹலால் முத்திரை இருந்தால் சைவம் என்று ஆகிவிடாது. சைவத்துக்கு ஏற்றது என்றோ, நுண்ணுயிர் ரென்னெட் என்றோ போட்டிருக்க வேண்டும். மாமியாருக்குப் பனீரை உதிர்த்துப் போட்டால் இந்தக் கவலையே இல்லை.

டின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், காய்ந்த ராஜ்மாவை வாங்கி ஞாயிற்றுக்கிழமை வேகவையுங்கள். இரவு முழுக்க ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது. பிரஷர் குக்கர் பாதுகாப்பானது. வெந்ததை ஒரு டின் அளவாகப் பைகளில் போட்டு, தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். வியாழன் இரவு ஒரு பையை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கினால், வெள்ளி மாலை நேராக வாணலிக்குப் போகும்.