பூட்டிக் கிடந்த அறையும் எலிப் புழுக்கையும்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணரின் கோண்டாவில் வீடு நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வருவதால் துப்புரவாக்கப் போனோம். பின்னறை முழுவதும் எலிப் புழுக்கை. எலியால் இரத்தக் கசிவுக் காய்ச்சல் வரும், ஹன்டா என்றொரு வைரஸ் இருக்கிறது என்று மகள் மறிக்கிறாள். அறையைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், நனைத்துத் துடையுங்கள். ஹன்டா வைரஸ் எலியின் சிறுநீரிலும் புழுக்கையிலும் எச்சிலிலும் வெளியேறுகிறது. அவை காய்ந்து, தும்புத்தடி பட்டவுடன் தூசியோடு கிளம்பி மூச்சுக்குள் போவதே தொற்றின் முதன்மையான வழி என்பதால், எலி கடித்திருக்கத் தேவையில்லை. அதைக் கண்ணால் கண்டிருக்கவும் தேவையில்லை.

கொரியப் போரில், 1951 முதல் 1953 வரை, ஐ.நா. படையினர் 3000க்கும் அதிகமானோர் இந்தக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். காரணமான வைரஸைத் தென்கொரிய விஞ்ஞானி லீ ஹோ-வாங் 1976இல் வயலெலியின் நுரையீரலில் கண்டார். அங்குள்ள ஹன்டான் ஆற்றின் பெயரே அதற்கு நிலைத்தது. இந்த ஹன்டான் வகை வைரஸால் நோயுற்றோரில் 5 முதல் 15 சதவீதம்வரை இறக்கக்கூடும். நகரத்துப் பழுப்பு எலிகள் காவும் சோல் என்ற இன்னொரு வகையில் ஏறத்தாழ 1 சதவீதமே. (இதே குடும்பத்து வைரஸ் ஒன்று 1964இலேயே வேலூர்த் தோட்டப்பாளையத்து மூஞ்சூறில் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.) இலங்கையிலும் காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்தில் ஹன்டாவுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டிருக்கிறது, ஆகவே மகளின் பயம் வெறும் பயமல்ல.

முதலில் கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். இறப்பர்க் கையுறையும், கிடைத்தால் என்95 முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, புழுக்கையும் சிறுநீர்க் கறையும் ஊறும்படி தெளித்து, ஐந்து நிமிடமாவது விடுங்கள். வாளியால் வீசி ஊற்றினால் தூசி எழும்பும். மெதுவாகத் தெளிப்பதே முறை. பிறகு பழந்துணியால் வழித்தெடுத்து, துணியையும் சேர்த்து இரட்டைப் பையில் கட்டி அகற்றி, தரையை மறுபடி அதே கலவையால் துடையுங்கள். கையுறையைக் கழற்றுமுன் அதையும் கழுவுங்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஹன்டா அல்ல, எலிக்காய்ச்சல்தான். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். அது வைரஸ் அல்ல, பக்டீரியா. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் ஈரமண்ணிலும் இருந்து தோல் வெடிப்பு, காயம் வழியாக ஏறும். ஆகவே வெறுங்காலோடு நின்று கழுவாதீர்கள். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்கும்: கடுங்காய்ச்சல், தலையிடி, நாரி நோவு, கண் சிவத்தல், பின்பு சிறுநீர் குறைதல். எலிக்காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் உண்டு, நேரத்தோடு கொடுத்தால் கேட்கும். ஹன்டாவுக்கு அப்படியொரு மருந்தில்லை, சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துத் தாங்குவதே வைத்தியம்.

ஹன்டா பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தெரியும். அரிதாக எட்டு வாரம்வரை போகும். அதற்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை போடாமல் வைத்தியசாலைக்குப் போய், எலி குடியிருந்த அறையைத் துப்புரவாக்கியதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கழுவ முடியாத பழைய அல்பங்களையும் கடதாசிகளையும் உதறாமல் தூக்கி, முற்றத்து வெயிலில் பரப்பிவிடுங்கள்.