கேள்வி பதில்: சொந்தக் கட்சிக்காரர் எறியும் கல்

போன இதழில் 2008 அமெரிக்கத் தேர்தல் பற்றி நாலு வரி எழுதினேன். பச்சைத் தேயிலை விலை பற்றி எழுதினால்கூட இத்தனை கடிதம் வந்ததில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுவேதான்.

கேள்வி: ஹிலாரி கிளின்டன் போஸ்னியா கதையைச் சொல்லி மாட்டிக்கொண்டதைக் கிண்டல் செய்திருந்தீர்கள். நீங்கள் குடியரசுக் கட்சி ஆளா? நேராகச் சொல்லிவிடுங்கள். (வாசகர், கூடலூர்)

பதில்: நேராகவே சொல்கிறேன் சார். அந்தச் சமயத்தில் நான் ஒபாமா ஆள். ஹிலாரியும் ஒபாமாவும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்குத்தான் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். 1996-ல் அதிபரின் மனைவியாக போஸ்னியாவில் இறங்கியபோது, மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு காருக்கு ஓடினோம் என்று 2008 மார்ச்சில் ஹிலாரி பேசினார். டிவிக்காரர்கள் பழைய படத்தை எடுத்துப் போட்டார்கள். அதில் அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டு நிதானமாக நடந்து வருகிறார்கள், ஒரு சின்னப் பெண் வரவேற்றுக் கவிதை படிக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஹிலாரியே ஒப்புக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஏனென்றால் அடுத்த மாதமே ஒபாமா மாட்டினார். சான்ஃபிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டத்தில், வேலை போன சின்ன ஊர்க்காரர்கள் மனம் கசந்து துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்கிற மாதிரி பேசிவிட்டார். இதையே ஹிலாரி சொல்லியிருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். ஒபாமா சொன்னதால், "முழுப் பேச்சையும் கேட்கணும், முன்னாடி பின்னாடி என்ன சொன்னார்னு பார்க்கணும்" என்று எங்கள் டீக்கடையில் வக்கீல் வேலை பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கீழ்நாட்டிலிருந்து ஒருத்தன் வந்து, தேயிலை விலை விழுந்துபோச்சு, அதனாலதான் இந்த மலைக்காரங்க ஹெத்தையம்மனைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்காங்கன்னு சொன்னா நீ முழுப் பேச்சையும் கேட்பியா?" எனக்குப் பதில் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆக, உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. நான் ஒரு பக்கத்து ஆள்தான், நீங்கள் நினைத்த பக்கம் இல்லை, அவ்வளவுதான். ஹிலாரியைப் பற்றிச் சொன்னது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. ஆனால் அதே தராசில் என் ஆளை நிறுக்காமல் விட்டது என் தப்பு.

கேள்வி: பிரைமரி, காக்கஸ் என்று எழுதித் தள்ளுகிறீர்களே, அது என்ன என்று ஒருமுறையாவது சொன்னீர்களா? (வாசகி, குன்னூர்)

பதில்: மன்னிக்கணும் அம்மா. நம் ஊரில் சீட்டு வேண்டுமென்றால் விருப்ப மனு கட்டி, நேர்காணலுக்குச் சென்னை போய் வந்து, பட்டியல் டிவியில் வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே அந்தப் பட்டியலை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதுதான் பிரைமரி, அதுவும் ஒரே நாளில் இல்லை. நீலகிரி எம்.பி. சீட்டுக்கு ஒரே கட்சியில் ஐந்து பேர் நிற்கிறார்கள், முதல் வாரம் கோத்தகிரியில் மட்டும் ஓட்டு, அடுத்த வாரம் கூடலூரில், அப்புறம்தான் ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் தோற்றவர் ஊட்டி வருவதற்குள் பணமும் ஆளும் கரைந்து வீட்டுக்குப் போயிருப்பார். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்ற இரண்டு மாநிலங்களும் பல காலமாக அந்தக் கோத்தகிரி மாதிரி இருந்தன. முதல் பிரைமரி எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே போட்டு வைத்திருக்கிறது!

காக்கஸ் நமக்கு இன்னும் எளிதாகப் புரியும், கிட்டத்தட்ட ஊர்க்கூட்டம்தான். 2008-ல் அயோவா ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் கூடி, இவருக்கு இந்த மூலை, அவருக்கு அந்த மூலை என்று போய் நின்றார்கள். ஒரு மூலையில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பேராவது தேறாவிட்டால், அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்கு நகர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இந்தச் சண்டை ஏன் இவ்வளவு அசிங்கமாகிறது என்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒரே கட்சிக்குள் கொள்கை வித்தியாசம் கொஞ்சம்தான். ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் 2002-ல் ஈராக் போருக்கு ஹிலாரி போட்ட ஓட்டு பெரிய வித்தியாசம், மருத்துவக் காப்பீட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதா என்பது இன்னொன்று. அதைத் தாண்டினால் மிஞ்சுவது ஆள்தான். அதனால் ஆளைப் பிடித்துக் கடிக்கிறார்கள்.

கேள்வி: மேடையில் அழுததால் ஒரு வேட்பாளர் தோற்றார் என்று படித்தேன். உண்மையா? (கல்லூரி மாணவர், ஊட்டி)

பதில்: அழுதாரா என்பதே வழக்கு. எட்மண்ட் மஸ்கி, 1972-ல் ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருந்தவர். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பத்திரிகை அவரைத் தினமும் திட்டியது. பிரெஞ்சுக் கனடியர்களைக் கேவலப்படுத்தும் சொல்லைக் கேட்டு அவர் சிரித்தார் என்று ஒரு கடிதம் போட்டது, மனைவியையும் வம்புக்கு இழுத்தது. மனுஷன் அந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலிலேயே, பனி கொட்டும்போது, லாரி மேல் ஏறி நின்று பதில் பேசினார். கன்னத்தில் நீர் வழிந்தது. நிருபர்கள் அழுகை என்று எழுதினார்கள், அவர் உருகிய பனி என்றார். டிசம்பர் காலையில் தலைக்குந்தாவிலிருந்து பைக்கில் வருகிற எவர் முகத்தையும் பாருங்கள், மஸ்கிதான். அந்த மாநிலத்தில் அவர் ஜெயித்தார், ஆனாலும் "இவருக்கு நெஞ்சுரம் இல்லை" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வேட்பாளரானவர் மெக்கவர்ன். அந்தக் கடிதமோ அப்போது அதிபராக இருந்த குடியரசுக் கட்சி நிக்ஸன் ஆட்களின் திருவிளையாடல் என்று பிறகு வாட்டர்கேட் ஒட்டுக்கேட்பு ஊழல் சமயத்தில் செய்தி வந்தது. சொந்தக் கட்சிச் சண்டை நடக்கும்போது எதிர்க்கட்சிக்காரன் சுவர் ஏறிக் குதித்து ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனால் யார் கண்டுபிடிப்பது?

இதே நியூ ஹாம்ப்ஷயரில் 2008-ல், ஓட்டுக்கு முந்தின நாள், ஒரு காபிக் கடையில் ஹிலாரிக்குக் கண் கலங்கியது. மறுநாள் ஜெயித்தார். கண்ணீருக்குக்கூட ஆண்டுக்கு ஆண்டு விலை மாறுகிறது, நம்ம தேயிலை மாதிரி.

கேள்வி: சொந்தக் கட்சிக்காரரே இப்படித் திட்டினால் எதிர்க்கட்சிக்குத்தானே லாபம்? வாயைக் கட்டக் கூடாதா? (வாசகர், அரவங்காடு)

பதில்: கட்டிப் பார்த்தார்கள். 1966-ல் கலிஃபோர்னியா குடியரசுக் கட்சியில் "சக குடியரசுக் கட்சிக்காரனைப் பழித்துப் பேசாதே" என்பதைப் பதினோராவது கட்டளை என்றார்கள். அதைப் பிரபலப்படுத்திய ரீகனே 1976-ல் பதவியில் இருந்த தன் கட்சி அதிபர் ஃபோர்டை எதிர்த்து நின்று பனாமா கால்வாய் விஷயத்தில் வறுத்தெடுத்தார். 1980-ல் அவருக்கே திரும்பி வந்தது. வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்ற ரீகன் திட்டத்தை, சொந்தக் கட்சியின் ஜார்ஜ் புஷ் பில்லி சூனியப் பொருளாதாரம் என்றார். அந்தக் கோடையிலேயே அதே ரீகனுக்குத் துணை அதிபர் வேட்பாளராகக் கை உயர்த்தி நின்றார். 2016-ல் டிரம்பை மோசடிக்காரர் என்ற மார்கோ ரூபியோ இப்போது அவருடைய வெளியுறவு அமைச்சர், நான் டிரம்ப் ஆளே இல்லை என்ற வான்ஸ் துணை அதிபர். நம் ஊரில் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று சிரிப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் பயப்படுவது நடந்த கதையும் உண்டு. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த டுகாக்கிஸ், 1988-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராவதற்குப் போட்டியிட்டபோது, கொலைக் கைதிகளுக்குக்கூட வார இறுதி விடுப்பு கொடுத்தீர்களே என்று நியூயார்க் விவாதத்தில் சக போட்டியாளர் அல் கோர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆளுநர் செய்த நிர்வாகம், பதில் சொல்லத்தான் வேண்டும். அதே விஷயத்தைப் பொதுத்தேர்தலில் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டது. அப்படி விடுப்பில் போய்க் குற்றம் செய்த ஒரு கறுப்பினக் கைதியின் படத்தை விளம்பரத்தில் காட்டி வெள்ளைக்கார வாக்காளரைப் பயமுறுத்தினார்கள். டுகாக்கிஸ் 40 மாநிலங்களில் தோற்றார். அதற்காக கோர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டது செயலைப் பற்றி, பின்னால் வந்தவர்கள் காட்டியது தோலை.

கேள்வி: கமலா ஹாரிஸ் நம்ம பெண். அவரை நம்ம பத்திரிகைகளே விமர்சிக்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: தாத்தா ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம், சந்தோஷம். அவர் கலிஃபோர்னியாவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது கஞ்சா வழக்கில் எத்தனை பேரை உள்ளே தள்ளினீர்கள் என்று 2019 ஜூலை விவாதத்தில் துளசி கப்பார்ட் கேட்டாரே, அப்போது அவரும் அதே கட்சிதான், அதற்கு பதில் துளசேந்திரபுரத்திலிருந்தா வரும்? ஒரு ஓட்டுகூடப் பதிவாகும் முன்பே, அந்த டிசம்பரில் ஹாரிஸ் விலகினார். அந்த ஜூன் விவாதத்தில், கறுப்பின, வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைக்கப் பேருந்தில் வேறு பள்ளிக்கு அனுப்பும் பழைய விவகாரத்தில் பைடனை மேடையிலேயே குத்தியவரும் ஹாரிஸ்தான். ஆனாலும் பைடன் அவரையே துணை அதிபர் ஆக்கினார்.

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு சங்கத் தேர்தலில் போன் போட்டுப் போட்டு வதந்தி பரப்பினார்கள். அமெரிக்காவில் இதெல்லாம் நடக்காதுதானே? (பெயர் வேண்டாம், மஞ்சூர் பக்கம்)

பதில்: நல்ல ஆளய்யா நீங்கள்! 2000-ல் குடியரசுக் கட்சி பிரைமரியில், நியூ ஹாம்ப்ஷயரில் புஷ்ஷை (மேலே சொன்னவரின் மகன்) நன்றாகத் தோற்கடித்துவிட்டு சக போட்டியாளர் மெக்கெய்ன் தென் கரோலினா வந்தார். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு கறுப்பினக் குழந்தை உண்டு என்ற கிசுகிசு, கருத்துக்கணிப்பு என்ற பெயரில் போனிலும் துண்டுத்தாளிலும் ஓடியது. அந்தக் குழந்தை, வங்கதேசத்தில் அன்னை தெரசாவின் இல்லத்திலிருந்து அவரும் மனைவியும் தத்தெடுத்த பெண். மெக்கெய்ன் அங்கே தோற்றார். புஷ் தரப்பு எங்களுக்குத் தொடர்பில்லை என்றது. உங்கள் சங்கத்திலும் அதைத்தானே சொன்னார்கள்?

கேள்வி: இதையெல்லாம் டிவியில் பார்க்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்? (வாசகர், கேத்தி)

பதில்: சீக்கிரம். 2024-ல் குடியரசுக் கட்சியின் அயோவா காக்கஸ் ஜனவரி 15 மாலை ஏழு மணிக்கு, அதாவது நமக்கு மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறரைக்கு. அங்கே பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர், இங்கே புல்லெல்லாம் உறைபனி. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நம்ம பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி எத்தனாவதாக வருகிறார் என்று பார்க்க உட்கார்ந்தேன். சில கூட்டங்களில் ஓட்டுப் போட்டு முடிக்கும் முன்பே, அரை மணி நேரத்தில், டிரம்ப் ஜெயித்துவிட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றே விவேக்கும் விலகினார். எங்கள் தெருவுக்குப் பால்காரர்கூட இன்னும் வந்திருக்கவில்லை.