பாறைகளைப் பற்றி எதுவுமே தெரியாது, மலையடிவாரக் காட்டில் நடத்தும் ஜியாலஜி நடைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு மேல் எதுவும் தெரியாமல்தான் நானும் சேர்ந்தேன். கோவைக்கு மேற்கே, வனத்துறை அனுமதியோடு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கூட்டிப்போன காலை நடை அது.

முதலில் ஒன்று, இது மலையேற்றம் இல்லை. ஒரே பாறை முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள். உச்சியில் நின்று போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குப் பொறுமை போய்விடும், ஆனால் அப்படி நிற்கும்போதுதான் விஷயமே பிடிபடும்.

ஓடையோரம் இருந்த ஒரு பாறை மேல் பேராசிரியர் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். தூசி போனதும் கறுப்பும் வெளுப்புமாக வரிகள், சில இடங்களில் துணி மாதிரி வளைந்து மடங்கியிருந்தன. நைஸ் என்கிற பாறை அது. அவ்வளவு கெட்டியான கல் மடங்க வேண்டுமென்றால் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகிக் கிடந்திருக்க வேண்டும், மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போனதால்தான் இன்றைக்கு நாம் அதன் மேல் கால் வைக்கிறோம். (பக்கத்து நீலகிரியில் உள்ள சார்னோக்கைட் என்கிற கெட்டியான பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.) அந்த வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பட்டை ஒன்று ஓடியது, ஓரத்தில் காக்காப்பொன் (மைக்கா) மினுங்கியது. வெட்டிக்கொண்டு போவது எதுவோ அதுதான் பின்னால் வந்தது என்று அவர் சொன்னார். அவ்வளவுதான், அதற்கப்புறம் எந்தப் பாறையைப் பார்த்தாலும் எது முந்தி, எது பிந்தி என்று கண் தானாகத் தேடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒட்டாது, பக்கத்தில் ஒருவர் நின்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க சார், இந்த வெங்கச்சங்கல்லு எங்க காட்டுல உழுவறப்பல்லாம் வருதுங்களே, எங்கிருந்துங்க வருது?" என்று கேட்டார். பாறையின் மற்ற பாகமெல்லாம் மக்கி மண்ணாகிவிடும், இது மட்டும் மக்காது, அதனால் மிஞ்சி நிற்கிறது என்றார் பேராசிரியர். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான்.

மற்றபடி, பிடிப்புள்ள ஷூ, தண்ணீர், நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, போதும். சுத்தியல் வேண்டாம், கல்லை உடைக்கவும் எடுத்து வரவும் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட காடு. யானை நடமாடும் இடம் என்பதால் வனக் காவலர் நில் என்றால் நின்றுவிடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் பாறை கழுவி விட்டதுபோல இருக்கும், மார்கழி, தை நல்ல நேரம்.

உடனே இந்த நடையில் இடம் கிடைக்காவிட்டால் காங்கயம் பக்கத்துச் சிவன்மலைக்குப் போய் வாருங்கள். நெஃபலின் சையனைட் என்ற அரிய பாறையும் குருந்தக்கல் என்ற கடினமான கனிமமும் உள்ள இடம், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1901லேயே விரிவாக எழுதியிருக்கிறார். பக்கத்துப் படியூரில் பெரில் என்ற மணிக்கல் எடுத்திருக்கிறார்கள், நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.