பஸ் சத்தத்துக்கு மிரளும் இளங்குதிரை

உங்கள் நான்கு வயது கத்தியவாரி இனக் குதிரை, தோட்டத்துக்குள் பரம சாது, ரோட்டில் பின்னால் பஸ் வந்தால் மட்டும் சுழன்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்ச நாள் மேலே ஏறாதீர்கள்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில். வாலுக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது. அங்கிருந்து சத்தம் மட்டும் வந்தால் மிரளாமல் என்ன செய்யும்? முதலில் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்திப் புல் போடுங்கள், வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டே தின்னட்டும். அப்புறம் நண்பரை பைக்கில் மெதுவாக முன்னே போகச் சொல்லி, குதிரையைக் கையில் பிடித்துப் பின்னால் நடத்துங்கள். தன்னைக் கண்டு வண்டி விலகிப் போகிறது என்று நினைத்துக்கொள்ளும். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

அப்புறம் ரோட்டில் சவாரி போகும்போது அனுபவமுள்ள குதிரை ஒன்று வலப்பக்கம், வண்டிகள் வரும் பக்கம், கூட வரட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள், வண்டிகள் குறைவு.

என் குதிரைக்கு லாரியைவிட ஓரத்தில் கிடக்கும் வெள்ளைச் சாக்குதான் எமன். காது விறைக்கும், மூச்சு புஸ்ஸென்று வரும், அடுத்த நொடி நடுரோட்டில் நிற்போம். இப்போதெல்லாம் காது விறைத்ததுமே கடிவாளத்தின் வலது வாரை லேசாக இழுத்துத் தலையைச் சாக்கிலிருந்து திருப்பி, வலது காலால் உடம்பை ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

தாரில் நடைதான், ஓட்டம் வேண்டாம். லாடம் அடித்து எத்தனை வாரம் ஆகிறது? தேய்ந்திருந்தால் வழுக்கும்.